சுஃபியாவின் இமைகள்

சாதிகாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தவளே ரோகிணிதான். அதனால் பின்னால் நடந்தவற்றுக்கு வேறு யாரையும் குறை சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டைப் பார்த்தபடி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் ரோகிணியும் அவள் கணவன் அழகுபாண்டியும் பத்து வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறார்கள். வீடியோவும் ஆல்பம் வேலையும் அவனுடையது. போட்டோ எடுப்பது அவள். ஆரம்பத்தில் கல்யாண மேடையில் அவள் கேமராவோடு ஏறி நின்றால், "போட்டோக்காரர் இன்னும் வரலையாம்மா?" என்று மாப்பிள்ளை வீட்டார் அவளிடமே கேட்பார்கள். நாலைந்து வருடத்தில் அது மாறியது. பெண்கள் பக்கத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று டவுனுக்குள் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் அவளைத் தேடி வந்தன. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மூன்று வேலை மோதியது. கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், நெல்பேட்டையில் ஒரு நிக்காஹ் வீட்டில் சாதிகாவைப் பார்த்தாள்.

சாதிகா மணப்பெண்ணின் சிநேகிதியாக வந்திருந்தாள். சொந்தக் கேமரா, சொந்த ஃபிளாஷ். காஜிமார் தெருவில் அவள் அத்தாவுக்குத் தையல்கடை. பி.காம் முடித்துவிட்டு மூன்று வருடம் கணக்கு எழுதிய வேலையை விட்டுவிட்டு வந்தவள். ரோகிணியைவிட எட்டு வயது இளையவள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில் ரோகிணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"எங்க கூட வாரியா?" என்று அங்கேயே கேட்டாள்.

"வாரேன்க்கா" என்றாள் சாதிகா, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல்.

இருவரும் ஃபிளாஷ் போடுகிற விதம் மட்டும் வேறு. ரோகிணி எப்போதும் மேனுவல்; வெளிச்சத்தின் அளவைக் கையாலேயே வைப்பாள். அவள் முதன்முதலில் வாங்கிய பழைய ஃபிளாஷில் ஆட்டோ என்ற ஒன்றே கிடையாது. எட்டடியில் நிற்கிற ஆளுக்கு எவ்வளவு வெளிச்சம், பன்னிரண்டு அடிக்கு எவ்வளவு, கூரை தாழ்ந்திருந்தால் எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான படங்களைக் கெடுத்துக் கெடுத்துத்தான் அவள் படித்துக்கொண்டாள். இப்போது ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவள் விரல் தானாக எண்ணை மாற்றிவிடும். நூறு படம் எடுத்தாலும் நூறிலும் முகம் ஒரே நிறத்தில் இருக்கும். ஆல்பம் போடும்போது அழகுபாண்டிக்கு வேலையே இருக்காது.

சாதிகா ஆட்டோவில் எடுப்பவள். "எதுக்குக்கா அம்புட்டுத் தலைய ஒடைக்கணும்? எவ்வளவு வெளிச்சம் வேணும்னு அதுவே பாத்துக்குது. நாம மூஞ்சியப் பாத்தாப் போதும்" என்பாள்.

முதல் மூன்று மாதம் ரோகிணி இதைக் கேட்டுச் சிரித்தாள். வெள்ளை வேட்டி சட்டை ஆட்கள் வரிசையாக நின்றால் சாதிகாவின் ஃபிளாஷ் ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகங்கள் கறுத்துவிடும். அப்போதெல்லாம் ரோகிணிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஆனால் அழகுபாண்டி கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டி அதைச் சரிசெய்துவிடுவான். தப்புக்குக்கூடத் தண்டனை இல்லையே என்று அவளுக்கு இருக்கும்.

சிரிப்பு நின்றது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்தில்.

காசிமாயன் என்பவர் வீட்டு விசேஷம். குலசாமி கோயில் மண்டபத்துக்குள் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். மண்டபம் இருட்டு. ரோகிணி எட்டடி தள்ளி நின்று அளவு வைத்துக்கொண்டாள். சாதிகா தூணோரம் நின்றாள். ஆசாரி கம்பியைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. யாரும் எதிர்பாராமல் தாய்மாமன் எழுந்து, அழுகையை நிறுத்துவதற்காகப் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கி, ரோகிணி நின்ற பக்கமாகவே வீசுவதுபோல் நீட்டினார். பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டது. பின்னால் அதன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நொடிக்கு இரண்டு கேமராவும் அடித்தன.

ரோகிணியின் படத்தில் பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எட்டடிக்கு வைத்த வெளிச்சம் மூன்றடிக்கு வந்துவிட்ட பிள்ளைமேல் முழுசாக விழுந்திருந்தது. கண், மூக்கு எதுவும் மிஞ்சவில்லை. சாதிகாவின் படத்தில் எல்லாம் இருந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீர்த்துளிவரை.

காசிமாயன் அந்தப் படத்தையே ஃபிளெக்ஸ் அடித்து ஊர் முக்கில் கட்டினார். அழகுபாண்டி அதை ஸ்டூடியோவின் இன்ஸ்டா பக்கத்தில் போட்டான். இரண்டு நாளில் மூவாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். "இந்த மாதிரி ஒரு படம் நம்ம பக்கத்துல வந்ததே இல்ல ரோகிணி" என்றான் அவன், சந்தோஷத்தில். அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் பத்து வருடமாக அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற எல்லாப் படமும் அவளுடையவை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் அழகுபாண்டி இரண்டு பேருடைய படங்களையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பான். அவன் சாப்பிடப் போனதும் அவள் சாதிகாவின் படங்களைத் திறந்து பார்ப்பாள். குறை தேடித்தான் திறப்பாள். குறையும் கிடைக்கும். ஒன்று கறுத்திருக்கும், ஒன்றில் யாராவது தலை வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் அவற்றுக்கு நடுவில் ஏதாவது ஒரு படம் அவள் நெஞ்சில் முள் மாதிரி குத்தும். மருமகளுக்குத் தெரியாமல் அவள் சேலையைச் சரிசெய்கிற மாமியார். பந்தியில் அப்பளத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்க்கிற பெரியவர். தான் அந்த இடத்தில்தான் நின்றோம், அளவு மாற்றிக்கொண்டு நின்றோம் என்பது நினைவுக்கு வரும்.

ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அவ எடுக்கலைங்க. மிஷின் எடுக்குது."

அழகுபாண்டி திரையிலிருந்து திரும்பவில்லை. "மிஷின் எங்க பாக்கணும்னு யாரு சொன்னது?"

"ஓஹோ. அப்ப பத்து வருஷமா நான் எங்க பாத்துக்கிட்டு இருந்தேனாம்?"

"நான் உன்னய எதுவும் சொல்லலையே. நீ ஏன் கோவப்படுற?"

தான் ஏன் கோபப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. சாதிகா எதிரே வந்தால் முன்னைவிட அதிகமாகச் சிரித்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். "இன்னிக்கு ஸ்டேஜ நான் பாத்துக்கிறேன், நீ சமையல்கட்டுப் பக்கம் போயி எடு" என்று அவளை நல்ல இடத்திலிருந்து தள்ளி வைத்தாள். அங்கிருந்தும் சாதிகா நல்ல படத்தோடு வந்தாள்.

சுஃபியாவின் கல்யாணம் வந்தது இப்படி இருந்த சமயத்தில்.

சுஃபியா பாத்திரக்கடை நூருல் அமீனின் ஒரே மகள். மாப்பிள்ளை உபைதுல்லாவுக்குச் சமயநல்லூர் மெயின்ரோட்டில் பெயின்ட் கடை. நிக்காஹ் டவுனில் ஒரு மஹாலில், மதியம். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மாடிக்கு ரோகிணியும் சாதிகாவும் மட்டும். மணப்பெண்ணைத் தனியாக எடுக்கிற வேலையைச் சாதிகாவுக்குத் தரவேண்டும் என்று சுஃபியாவே கேட்டிருந்தாள். காதுகுத்துப் படத்தை அவளும் பார்த்திருந்தாள்.

அலங்காரம் முடியும் நேரத்திலேயே சாதிகா எடுக்க ஆரம்பித்தாள். ரோகிணி அதே அறையில் ஜன்னலோரம் நகைகளைப் பரப்பி வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு படம் எடுத்ததும் சாதிகா திரையைப் பார்த்து, "கண்ண மூடிட்டம்மா, இன்னொண்ணு" என்றாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதுதான்.

"நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றாள் சுஃபியா.

"நான் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறேன். மூணுக்கு நல்லா பாரு."

எண்ணினாள். சுஃபியா பார்த்தாள். படத்தில் இமைகள் பாதி இறங்கி, வெள்ளை விழி மட்டும் தெரிந்தது.

ரோகிணி எழுந்து வந்து சாதிகாவின் தோளுக்குப் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் அழகுபாண்டி ஆசைப்பட்டு ஒரு புது ஃபிளாஷ் வாங்கி வந்தான். ஆட்டோவில் போட்டு அவனையே எடுத்துப் பார்த்தபோது எல்லாப் படத்திலும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஏன் என்று அவள் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தாள். ஆட்டோவில் ஃபிளாஷ் இரண்டு முறை மின்னும். முதலில் சின்னதாக ஒன்று அடித்து, அது ஆள்மேல் பட்டுத் திரும்புவதைக் கேமரா அளந்துகொள்ளும். அப்புறம்தான் படத்துக்கான வெளிச்சம். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் சிலருக்கு இமை வேகம் அதிகம். முதல் மின்னலுக்கே இமை இறங்க ஆரம்பித்து, இரண்டாவது வரும்போது பாதி மூடியிருக்கும். மேனுவலில் முதல் மின்னலே கிடையாது. ஒரே அடி. இமை அசைவதற்குள் படம் முடிந்துவிடும்.

'மேனுவல்ல போட்டுப் பாரு சாதிகா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது சுஃபியா, "அந்தக் காதுகுத்து போட்டோ மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள் சாதிகாவைப் பார்த்து.

ரோகிணி வாயை மூடிக்கொண்டாள். "நான் ஸ்டேஜப் போயிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மேடையில் பூ அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருந்த முக்கால் மணிநேரமும் அவள் காது அந்த அறைப் பக்கமே இருந்தது. ஒருமுறை கதவு திறந்தபோது மாப்பிள்ளையின் சாச்சி, அவன் அம்மாவின் தங்கை, கேமராவை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் பொண்ணு கண்ணு செருகியே கெடக்கு? கண்ணுல எதுவும் கோளாறு இருக்கா?" என்று அந்த அம்மாள் மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. என் கைக்குத்தான் இன்னிக்கு நேரம் தப்புது. தப்பு என்மேலதான்" என்றது சாதிகாவின் குரல்.

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சாதிகா ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அந்தப் பிள்ளை அழுகுது. போட்டோவே வேணாங்குது. சுருமா எல்லாம் கரைஞ்சு போச்சு. என்னால முடியலக்கா. நீங்க வாங்க."

ரோகிணி போனாள். சுஃபியா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் கண்களையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோகிணி அவளைச் சமாதானப்படுத்தினாள். முகத்தைத் துடைத்து மறுபடி மை தீட்டச் சொன்னாள். ஏழடி தள்ளி நின்றாள். அளவு வைத்தாள். இருபது படம் எடுத்தாள். இருபதிலும் சுஃபியாவின் கண்கள் அகலத் திறந்து, அழுத ஈரத்தோடு பளபளத்தன.

திரையைக் காட்டியதும் அறையே லேசாயிற்று. சுஃபியாவின் அம்மா ரோகிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாச்சி, "அனுபவம்னா சும்மாவா" என்றாள்.

சாதிகா மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "எப்படிக்கா? நானும் இதே எடத்துல நின்னுதானே எடுத்தேன்?"

"கைப்பழக்கந்தான்" என்றாள் ரோகிணி.

அன்று கீழே இறங்கியபோது நூருல் அமீனே அழகுபாண்டியிடம், "உங்க வீட்டுக்காரம்மாதான் மானத்தக் காப்பாத்துனாங்க" என்றார். ஆல்பத்தின் முதல் பக்கம் ரோகிணியின் படம் என்று முடிவாயிற்று. ஆறு மாதமாக அவள் ஆசைப்பட்டது அதுதான். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டாள். வீட்டுக்குப் போனதும் படுத்து நன்றாகத் தூங்கினாள். பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது அந்தத் தூக்கம்தான்.

இரண்டு நாள் சாதிகா வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அழகுபாண்டியிடம், "அண்ணே, இனி என்னயப் பொண்ணு எடுக்க அனுப்பாதீங்க. குரூப் மட்டும் எடுத்துத் தாரேன்" என்றாள். ரோகிணி அப்போது தலையைக் குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. கூடவே, யாரோ தன்னைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பயமும் வந்தது.

அடுத்த வாரம் அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது சாதிகாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்! அது என் கை இல்லக்கா, ஃபிளாஷ்தான். ஆட்டோல மொதல்ல ஒரு சின்ன வெளிச்சம் அடிக்குமாம். சில பேருக்கு அதுலயே கண்ணு மூடிரும். உங்களது மேனுவல், அதான் வந்திருக்கு. உங்களுக்கும் இது தெரிஞ்சா நல்லதுன்னுதான் சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு, அந்த மொத வெளிச்சத்தத் தனியா முன்னாடியே அடிச்சு அளந்து வச்சுக்கலாமாம். கேமராவுல ஒரு பட்டன் இருக்கு. ஆட்டோவ விடவே வேண்டாம். நாளைக்கு வந்து காட்டுறேன்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா மனசு சரியில்லக்கா. அந்தச் சாச்சி பேசுனதக் கேட்டுட்டு சுஃபியாவ அவ மாமியா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லியும் நம்பலையாம். மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு பேசுறாங்களாம்."

ரோகிணி அடுப்பை அணைத்தாள். பதில் எழுதினாள். 'அப்படியா? எனக்கு இப்பத்தான் தெரியும்.' அனுப்பியும் விட்டாள்.

உடனே சாதிகாவிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. கீழே, 'உங்களுக்காவது உதவுமே அக்கா.'

அந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். தப்பித்தாயிற்று. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சாதிகா ஆட்டோவிலேயே அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள் என்பது அந்த நேரத்திலும் அவளைச் சுட்டது. அப்படிச் சுட்டதை உணர்ந்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு பெண்ணை மாமியார் வீட்டில் சந்தேகக்கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தான் இன்னும் பட்டனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அழகுபாண்டி சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"எனக்கு அன்னிக்கே தோணுச்சு" என்றான். "என் கண்ணு மூடுனப்ப நீதானே கண்டுபிடிச்ச. சரி, பரபரப்புல நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"மறக்கல."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "சாதிகாகிட்டப் போயிச் சொல்லு. நான் சொல்ல முடியாது" என்றான்.

மறுநாள் காலையில் காஜிமார் தெருவுக்குப் போனாள். தையல்கடைக்கு மேலே சின்ன அறை. சாதிகா அவளைப் பார்த்ததும், "நானே வந்திருப்பேனேக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவை எடுத்து அந்தப் பட்டனைக் காட்ட ஆரம்பித்தாள்.

"சாதிகா, இரு. எனக்கு இது முன்னாடியே தெரியும்."

"இந்தப் பட்டனா?"

"பட்டன் தெரியாது. ரெண்டு வெளிச்சம் அடிக்கிறது தெரியும். நாலு வருஷமாத் தெரியும். அன்னிக்கு உன் பின்னாடி நின்னு பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

சாதிகாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கேமராவை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து இப்பத்தான் தெரியும்னு போட்டீங்க."

"பொய்."

"அந்தப் பிள்ளை அழுதுச்சேக்கா. நான் ஓடி வந்து உங்களத்தானே கூப்பிட்டேன்."

சாதிகா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்?"

"உன் படமெல்லாம் பாத்து எனக்குத் தாங்கல."

"என் படமா?" சாதிகா நம்பாதவள் போலப் பார்த்தாள். "நான் வீட்டுக்கு வந்து உங்க படத்தத்தான் பாப்பேன். ஒரு கல்யாணத்துல ஆயிரம் மூஞ்சியும் ஒரே வெளிச்சத்துல இருக்குமே, நமக்கு எப்ப இது வரும்னு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தாலும் பேச்சு உறுதியாக இருந்தது. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குப் போனது கொஞ்சந்தான். போக வேண்டியது சமயநல்லூருக்கு. அந்த வீட்ல போயிச் சொல்லுங்க. நான் சொன்னா என் தப்ப மறைக்கச் சொல்றேன்னு நெனப்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

"நீயும் வாரியா?"

"வரல."

ரோகிணி தனியாகவே போனாள். கையில் கேமரா, முன்பு அழகுபாண்டி வாங்கிவந்த ஆட்டோ ஃபிளாஷ். பஸ்ஸை விட்டு இறங்கி பெயின்ட் கடையில் கேட்டபோது உபைதுல்லாவே கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஆல்பம் விஷயம் என்று நினைத்துக்கொண்டான். கூடத்தில் அவன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து பச்சைமிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். சுஃபியா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். ரோகிணியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் ரோகிணிக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தபடி, ஃபிளாஷ் இரண்டு முறை மின்னுவதையும் அதில் சிலருக்கு இமை இறங்கிவிடுவதையும் அவள் சொன்னாள். பிறகு சுஃபியாவை ஜன்னலுக்கு எதிரே நிற்கச் சொல்லி ஆட்டோவில் ஐந்து படம் எடுத்தாள். ஐந்தில் நாலில் இமை இறங்கியிருந்தது. மேனுவலுக்கு மாற்றி ஐந்து எடுத்தாள். ஐந்திலும் கண் திறந்திருந்தது. கேமராவை உபைதுல்லாவின் அம்மாவிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். உபைதுல்லாவும் குனிந்து பார்த்தான்.

"கண்ணுல கோளாறு இருந்தா ரெண்டுலயுந்தான் மூடணும்" என்றாள் ரோகிணி. "இமை வேகமா இருக்கு, அம்புட்டுத்தான். நல்ல கண்ணுங்க."

உபைதுல்லாவின் அம்மா கேமராவைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்தன்னிக்கே இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? அந்தப் பொண்ணு அம்புட்டுப் பேரு முன்னாடி தப்பு என்மேலன்னு நின்னுச்சே."

"ஆமா."

"ஏன்?"

உபைதுல்லா சங்கடப்பட்டு, "விடுங்கம்மா" என்றான். வியாபாரப் போட்டி என்று சொல்லலாம், பரபரப்பு என்று சொல்லலாம். சமையல்கட்டு வாசலில் சுஃபியா நின்றுகொண்டிருந்தாள்.

"பொறாமைங்க" என்றாள்.

உபைதுல்லாவின் அம்மா மறுபடி மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார். நாலைந்து கிள்ளிய பிறகு, "நானும் என் தங்கச்சி பேச்சக் கேட்டுக்கிட்டு இந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "சுஃபியா, இங்க வந்து உக்காரும்மா" என்றார்.

சுஃபியா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரோகிணியைப் பார்க்கவில்லை. ரோகிணி புறப்பட எழுந்தபோது மட்டும், "முதல் பக்கத்துல உங்க படம் வேணாம்" என்றாள். "சாதிகா அக்கா எடுத்ததுல ஒண்ணு போடுங்க. கண்ணு மூடியிருந்தாலும் பரவாயில்ல."

"சரிம்மா" என்றாள் ரோகிணி.

வீட்டுக்கு வந்து அவளே உட்கார்ந்து தேடினாள். சாதிகா எடுத்ததில் ஃபிளாஷே போடாமல் ஒன்று இருந்தது. மை தீட்டுகிற கையை விலக்கிவிட்டு சுஃபியா கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தது. நல்ல படம். ரோகிணிக்கு நெஞ்சில் அதே இடத்தில் குத்தியது. அழகுபாண்டியிடம் அதை முதல் பக்கத்துக்குக் கொடுத்தாள்.

சாதிகா அதன்பின் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. காஜிமார் தெருவிலேயே தன் பெயரில் தொடங்கினாள். ரோகிணியிடம் வந்த நிக்காஹ் வேலைகளில் தன்னால் முடியாதவற்றுக்கு அவள் சாதிகாவின் நம்பரைக் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கித்தான் கொடுத்தாள். சாதிகா ஒருமுறையும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்ஸ்டாவில் அவள் போடும் படங்களை ரோகிணி பார்ப்பாள். சில நாள் பிடிக்கும். சில நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

ஏழு மாதம் கழித்து சாதிகா கூப்பிட்டாள். சலாமோ நலம் விசாரிப்போ இல்லை.

"பெரிய கல்யாணம். மாடியில மட்டும் அறுநூறு பேரு. ஒரு ஆளு பத்தாது. ஸ்டேஜ்ல குரூப் எடுக்க நீங்க வருவீங்களா?"

ரோகிணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். யாருக்கும் இரண்டாவது ஆளாக அவள் வேலைக்குப் போனதே இல்லை.

"பொண்ண நான் எடுப்பேன்" என்றாள் சாதிகா, அதையும் சொல்லிவிட வேண்டும் என்பது போல.

"வாரேன்" என்றாள் ரோகிணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மஹால் மாடிப்படியில் வரவேற்பில் நின்ற பெண் அவள் கையிலிருந்த கேமராப் பையைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு, பொண்ணு வீட்டு ஆளா?" என்று வழிமறித்தாள்.

"போட்டோ எடுக்க வந்திருக்கேன்" என்றாள் ரோகிணி. "சாதிகாவோட ஆளு."

அந்தப் பெண் பன்னீர்ச்சொம்பைச் சாய்த்துத் தெளித்து வழிவிட்டாள். மேலே சாதிகா ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தாள். ரோகிணி மேடையைப் பார்த்து நடந்தாள்.